தார் பாலைவனத்துப் பேய்க்குமட்டியில் மருந்து இருக்கிறதா என்று சோதிப்பது எப்படி

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டுச் செடியை நாக்கில் வைத்துப் பார்த்து ஆராய்ச்சியைத் தொடங்குகிற ஆள் நீங்கள் என்றால் இந்தச் செடியின் பக்கமே வராதீர்கள். பேய்க்குமட்டி, ஆற்றுத்தும்மட்டி என்று நம் பக்கம் சொல்வதும் ராஜஸ்தானில் தும்பா என்று சொல்வதும் ஒன்றுதான். தாவரவியல் பெயர் சிட்ருல்லஸ் கோலோசிந்திஸ், தர்பூசணிக்குப் பங்காளி முறை. ஜோத்பூர் தாண்டி பார்மேர், ஜெய்சல்மேர் பக்கம் போனால் மழைக்குப் பிறகு மணல்மேடுகளில் கொடி கொடியாகப் படர்ந்திருக்கும். குளிர் தொடங்கும்போது இலையெல்லாம் காய்ந்துபோய், மஞ்சள் காய்கள் மட்டும் பிள்ளைகள் விளையாடிவிட்டு அப்படியே போட்டுப்போன பந்துகள் மாதிரி மணலில் கிடக்கும். பார்க்க அழகு. வெட்டினால் உள்ளே பஞ்சு மாதிரிச் சதை, காய்ந்த சதையைப் பொடித்தால் அந்தத் தூசியே தொண்டையில் இறங்கிக் கசக்கும்.

எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டுக்காக இந்தக் காயோடு மல்லுக்கட்டியவன் நான். அப்போது யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும் என்று தோன்றுகிற விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். செடி வேறாக இருந்தாலும் முறை பெரும்பாலும் இதேதான்.

பேய்க்குமட்டியை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. இதில் மருந்தாக வேலை செய்வதும் ஆளைக் கவிழ்ப்பதும் ஒரே சரக்கு: குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள்கள். சுரைக்காய் கசந்தால் கொட்டிவிடு என்று வீட்டில் சொல்வார்களே, அந்தக் கசப்புக்கும் காரணம் இதே குடும்பம்தான். 2010இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி, சர்க்கரைக்கு நல்லது என்று தினமும் சுரைக்காய்ச் சாறு குடித்துவந்தவர், ஒருநாள் கசந்த சாற்றையும் குடித்து இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஒரு நிபுணர் குழுவைப் போட்டு, கசந்தால் குடிக்காதீர்கள் என்று எச்சரித்தது. தோட்டத்துச் சுரைக்காயே அப்படிச் செய்யுமென்றால் காட்டில் கிடக்கும் இந்தக் காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழைய மருத்துவத்தில் இதைப் பேதி மருந்தாகத்தான் வைத்திருந்தார்கள், அளவு மீறினால் பேதி ரத்தமாகப் போகும். தமிழ் விவிலியத்தில் எலிசா கதையில் கூழ்ப்பானைக்குள் தெரியாமல் அரிந்து போடப்படுவதும் பேய்க்கொம்மட்டிதான், வாயில் வைத்ததுமே அலறினார்கள் என்று வரும்.

அதனால் இந்த மாதிரிச் செடியில் 'வேலை செய்கிறதா' என்று மட்டும் பார்த்தால் சோதனை பாதிதான் முடிந்திருக்கும். எந்த அளவில் வேலை செய்கிறது, எந்த அளவில் கெடுக்கிறது, இரண்டையும் ஒரே அலகில், ஒரே சாற்றில் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதவேண்டும்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

'பேய்க்குமட்டிக்கு மருத்துவ குணம் உண்டா?' இது கேள்வியே இல்லை, இதற்கு எந்தச் சோதனையும் 'இல்லை' என்று பதில் சொல்லாது. எதையாவது பத்துச் சோதனை போட்டால் ஒன்றில் ஏதாவது வரும், அதை எடுத்துப் போட்டு 'உண்டு' என்று எழுதிவிடலாம். கேள்வி இப்படி இருக்கவேண்டும்: காயின் சதையைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த சாறு, மனித செல்லைக் கொல்லாத அளவில், இ.கோலை என்ற பாக்டீரியாவை வளராமல் தடுக்குமா? இதற்கு 'தடுக்காது' என்று பதில் வர வாய்ப்பு இருக்கிறது பாருங்கள், அப்போதுதான் அது கேள்வி. வழிகாட்டி ஆசிரியர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, தலைப்பை இந்த அளவுக்குக் குறுக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி எங்கிருந்து வரும்? பயன்படுத்துகிறவர்களிடமிருந்து. தார் பக்கம் ஆடு, ஒட்டகம் மேய்ப்பவர்களுக்கு இந்தக் காயைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும். ஆனால் கேட்கிற விதம் முக்கியம். 'இது சர்க்கரைக்கு நல்லதுதானே?' என்று கேட்டால், விருந்தாளி மனம் கோணக்கூடாது என்று 'ஆமாம்' என்றுதான் சொல்வார்கள். காயைக் கையில் கொடுத்துவிட்டு, இதை எதற்கு எடுப்பீர்கள், எந்தப் பாகம், பச்சையா காய்ந்ததா, எவ்வளவு, எதோடு சேர்த்து, மனிதருக்கா மாட்டுக்கா, யாருக்குக் கொடுக்கவே கூடாது என்று வரிசையாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியில்தான் சுவாரசியமான பதில் கிடைக்கும். கர்ப்பிணிக்குக் கூடாது என்று பாட்டிமார் சொன்னால் அது நாட்டுப்புற நம்பிக்கை என்று ஒதுக்காதீர்கள், கடும் பேதி மருந்துகளில் அது நிஜமான ஆபத்து.

கேட்பதற்கு முன்னால் எதற்காகக் கேட்கிறீர்கள், தகவல் எங்கே போகும் என்று அவர்கள் மொழியில் சொல்லி ஒப்புதல் வாங்கவேண்டும். இது சம்பிரதாயம் இல்லை. தென்னாப்பிரிக்கா பக்கத்துக் காலஹாரிப் பாலைவனத்தில் ஹூடியா என்ற சதைப்பற்றுச் செடி இருக்கிறது, சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசியை அடக்க மெல்லுவது. தென்னாப்பிரிக்க அரசு ஆய்வு நிறுவனம் ஒன்று அதற்குக் காப்புரிமை எடுத்து, அது கம்பெனி கம்பெனியாகக் கை மாறிய பிறகுதான் சான் மக்களுக்கு விஷயமே தெரிந்தது. பேச்சு, வாக்குவாதம் என்று இழுத்து 2003இல்தான் பங்கு தர ஒப்பந்தம் போட்டார்கள். இதில் வேடிக்கை, 2008இல் யூனிலீவர், பாதுகாப்பும் பலனும் திருப்தியாக இல்லை என்று அந்தத் திட்டத்தையே கைவிட்டுவிட்டது.

நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. இந்தியக் குடிமகன் கல்விக்காகச் செய்கிற ஆராய்ச்சிக்குப் பெரிய தடை இல்லை. ஆனால் வெளிநாட்டு ஆள் அல்லது நிறுவனம் கூட்டுச் சேர்ந்தால், வணிகமாக மாற்றப் போவதாக இருந்தால், காப்புரிமை கேட்பதாக இருந்தால், தேசியப் பல்லுயிர் ஆணையம் அல்லது மாநில வாரியத்தின் வாசலை மிதிக்காமல் முடியாது. ஆணையத்தின் தலைமை அலுவலகம் சென்னை தரமணியிலேயே இருப்பதால் நமக்கு அலைச்சல் குறைவு. காப்புக்காடு, ஜெய்சல்மேர் பக்கத்துப் பாலைவனத் தேசியப் பூங்கா போன்ற இடங்களில் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு இலையைக்கூடக் கிள்ளக்கூடாது. சாலை ஓரத்திலிருந்தும் எடுக்காதீர்கள், அது சட்டத்துக்காக இல்லை, வண்டிப்புகை படிந்த காயில் நீங்கள் புகையைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

பறிக்கும்போது

கொம்மட்டி, கும்மட்டி, குமட்டி, தும்மட்டி. நம் பக்கம் இந்தப் பெயர்களை ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு வைத்த மாதிரி நாலைந்து கொடிகளுக்கு மாற்றி மாற்றி வைத்திருக்கிறோம். அங்கேயும் அப்படித்தான். தின்கிற மதீராவும் தின்கிற காச்ரியும் தும்பாவும் ஒரே மணலில், ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து கிடக்கும். நாட்டுமருந்துக் கடையில் பொட்டலமாக வாங்கிச் செய்த ஆராய்ச்சி எதையும் நான் நம்பமாட்டேன், பொடியான பிறகு அது என்ன காய் என்று யார் சொல்வது?

அதனால் ஹெர்பேரியம் தாள், அதாவது செடியை அழுத்திக் காயவைத்து ஒட்டிய அடையாளத் தாள், கட்டாயம். பூ, காய், இலை, பற்றுச்சுருள் எல்லாம் தெரியும்படி ஒரு கொடித்துண்டை எடுத்துச் செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து அழுத்தி, தினமும் தாளை மாற்றிக் காயவைக்கவேண்டும். காயை முழுசாக அழுத்த முடியாது, குறுக்கே வெட்டிய வில்லை ஒன்றையும் முழுக்காய் ஒன்றைத் தனிப் பையிலும் வையுங்கள். இடம், ஜி.பி.எஸ். அளவு, தேதி, மண், பக்கத்தில் என்ன செடி, உள்ளூர்ப் பெயர் எல்லாம் அங்கேயே எழுதவேண்டும், விடுதிக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் வறண்ட நிலப் பிராந்திய மையம் ஜோத்பூரிலேயே இருக்கிறது, தென்மண்டல மையம் கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. இரண்டில் ஒன்றில் கொடுத்துச் செடியை உறுதிசெய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாத ஆய்வுக்கட்டுரையைப் படிக்கும்போது நான் முறைகள் பகுதியோடு மூடிவைத்துவிடுவேன்.

ஒரே இடத்தில் ஒரே நாளில் மூட்டையாக அள்ளாதீர்கள். குறைந்தது மூன்று இடம், முடிந்தால் இரண்டு பருவம். கசப்புப் பொருளின் அளவு செடிக்குச் செடி, காயின் முதிர்ச்சிக்கு ஏற்ப மாறும். மூன்று இடத்துக் காயையும் கலந்துவிடாமல் தனித்தனியாக வைத்துச் சோதித்தால்தான், உங்கள் முடிவு அந்தச் செடியைப் பற்றியதா, அந்த ஒரு மணல்மேட்டைப் பற்றியதா என்று தெரியும்.

காயவைத்து, பொடித்து, சாறு எடுப்பது

தோல், சதை, விதை மூன்றையும் பிரித்துவிடுங்கள். விதை வேறு உலகம். அதில் எண்ணெய் அதிகம், ராஜஸ்தானில் அந்த எண்ணெயில் சோப்பு செய்கிறார்கள், கசப்பு பெரும்பாலும் சதையில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் எது எதைச் செய்தது என்று கடைசிவரை தெரியாது. நிழலில், அல்லது 40 டிகிரிக்கு மேல் போகாத அடுப்பில் காயவையுங்கள். பச்சை எடை, காய்ந்த எடை இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், ஊர்க்காரர் 'அரைக் காய்' என்று சொன்னதை மில்லிகிராமாக மாற்ற அது ஒன்றுதான் வழி.

பாலைவனத்தில் இரண்டே நாளில் மொறுமொறு என்று காய்ந்ததை அப்படியே பிளாஸ்டிக் பையில் சென்னைக்குக் கொண்டுவந்து, நவம்பர் மழையில் அலமாரியில் வைத்துவிட்டு, பத்து நாள் கழித்துத் திறந்தால் பச்சைப் பூஞ்சை பூத்திருந்தது. அது நான் செய்த தப்பு. பூஞ்சைக்கே சொந்தமாகக் கிருமிக்கொல்லிகள் உண்டு என்பதால் அந்தச் சரக்கு முழுவதும் குப்பைக்குப் போனது. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தப்பு, விடுதி மெஸ்ஸில் இருந்த பழைய மிக்ஸி ஜாரில் பொடித்தது. தும்மல், இருமல், மூக்கெல்லாம் எரிச்சல், நாக்கில் படாமலேயே தொண்டை வரை கசப்பு. ஜாரை ஏழெட்டு முறை கழுவியும் நம்பிக்கை வராமல் கடைசியில் என் காசில் புது ஜார் வாங்கிக் கொடுத்தேன். ஆய்வகத்து அரவை இயந்திரம், நல்ல முகக்கவசம், கையுறை, கண்ணாடி. சமையலுக்குப் போகும் எந்தச் சாமானும் கிட்டே வரக்கூடாது.

சாறு எடுக்கும்போது, ஊரில் எப்படி எடுக்கிறார்களோ அதே மாதிரி ஒன்று கட்டாயம் வேண்டும். தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கிறார்கள் என்றால் தண்ணீர்ச் சாறு. அதோடு ஒப்பிட 70 சதவீத எத்தனால் சாறு ஒன்று. 50 கிராம் பொடிக்கு 500 மில்லி, இரண்டு மூன்று நாள் அவ்வப்போது குலுக்கி ஊறவைத்து, வாட்மேன் 1ஆம் எண் தாளில் வடிகட்டி, எத்தனாலை 40 டிகிரியில் ரோட்டரி எவாப்பரேட்டர் என்ற ஆவியாக்கும் கருவியில் இறக்கிவிடலாம். தண்ணீர்ச் சாற்றை அறை வெப்பத்தில் மூன்று நாள் வைத்தால் அதில் பாக்டீரியா குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும், குளிர்பெட்டியில் ஒரு இரவு போதும், பிறகு உறையவைத்து உலர்த்தும் கருவியில் போடுங்கள். எத்தனை கிராம் பொடிக்கு எத்தனை கிராம் சாறு வந்தது என்ற சதவீதத்தை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். அது இல்லாவிட்டால் பின்னால் வரும் எல்லா எண்ணும் அந்தரத்தில் தொங்கும்.

அப்புறம் அந்தப் பிரபலமான கூட்டல் கழித்தல் அட்டவணை. மேயர் கரைசலில் வெண்மையாகத் திரிந்தால் ஆல்கலாய்டு, குலுக்கினால் நுரை நின்றால் சப்போனின், பெர்ரிக் குளோரைடில் நிறம் மாறினால் பீனால் என்று எல்லாக் கல்லூரியிலும் ஒரு பக்கம் நிறைய + + + போட்டு வைத்திருப்பார்கள். போடுங்கள், அரை நாள் வேலை. ஆனால் எந்த இலையை எடுத்தாலும் ஏறக்குறைய இதே அட்டவணைதான் வரும், வீட்டு வாசல் வேப்பிலைக்கும். அதைவிட சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளியாகப் பிரித்துக்காட்டும் டி.எல்.சி. தகடு ஒன்றை நன்றாக ஓட்டி, குக்குர்பிட்டாசின் ஈ மாதிரிப்பொருளைப் பக்கத்தில் ஓடவிட்டு, வெனிலின் அமிலக் கரைசல் தெளித்துச் சூடாக்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்துக் காயும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அந்த ஒரு படத்தில் தெரிந்துவிடும்.

தட்டில் கிருமி

கிருமி வளர்க்க முல்லர் ஹின்டன் அகார் என்ற கூழ், 4 மில்லிமீட்டர் கனம், மெக்ஃபார்லண்ட் அளவுகோலில் 0.5 கலங்கலுக்குச் சரிசெய்த கிருமி, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். கிருமியைப் பக்கத்து மருத்துவமனையில் 'ஏதோ ஒரு இ.கோலை' என்று வாங்காமல் சண்டிகர் எம்.டி.சி.சி. போன்ற களஞ்சியத்திலிருந்து எண்ணோடு வாங்குங்கள். இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும்.

புத்தகத்தில் அழுத்திச் சொல்லாதது வேறு. என் முதல் தட்டுகளில், சாறு சொட்டி வைத்த எல்லாக் காகித வட்டைச் சுற்றியும் பளிச்சென்று தெளிந்த வளையம், அதாவது கிருமி வளராத இடம். சிறுத்தையைப் பிடித்த மாதிரி மூன்று நாள் திரிந்தேன். அந்தச் சுற்றுக்கு அவசரத்தில் மெத்தனால் சாற்றை வட்டில் சொட்டி, முழுக்கக் காயாமலே தட்டில் வைத்திருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. மெத்தனால் மட்டும் சொட்டிய வட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தால் மூன்று நாள் அசடு வழிந்திருக்க வேண்டாம், நான் வைக்கவில்லை. கரைப்பான் மட்டும் உள்ள வட்டு, ஜென்டாமைசின் மாதிரித் தெரிந்த மருந்து வட்டு, வெறும் வட்டு, மூன்றும் ஒவ்வொரு தட்டிலும் இருக்கவேண்டும். தண்ணீர்ச் சாறாக இருந்தால் அதன் பி.எச். பாருங்கள், புளிப்பே கிருமியைத் தடுக்கும், அதற்குப் பேய்க்குமட்டி தேவையில்லை, எலுமிச்சை போதும்.

வளையத்தின் அகலத்தை வைத்து இந்தச் சாறு அந்தச் சாற்றைவிட வீரியம் என்று எழுதவே கூடாது. சின்ன மூலக்கூறு அகாரில் வேகமாகப் பரவும், பெரியதும் எண்ணெய்த்தன்மை உள்ளதும் வட்டிலேயே உட்கார்ந்திருக்கும், அகலம் அதைத்தான் காட்டுகிறது. தட்டு வெறும் முன்னோட்டம். உண்மையான எண் வேண்டுமானால் 96 குழித் தட்டில் பாதிப் பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், எந்த அளவுவரை கிருமி வளரவில்லை என்று பார்க்கவேண்டும். ரெசாசூரின் நீலம் ஊற்றினால், வளர்ந்த குழி இளஞ்சிவப்பாக மாறும், வளராதது நீலமாகவே நிற்கும். சாற்றைக் கரைக்க ஊற்றும் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே தடுத்தால் நிமிர்ந்து உட்காரலாம். 1000க்கு மேல் போட்டால்தான் தடுக்கிறது என்றால், மன்னிக்கவும், அதற்குப் பெயர் 'தடுக்கவில்லை'.

சாற்றுக் குப்பிகளுக்கு நீங்களே பெயர் எழுதாதீர்கள். அறை நண்பரிடம் கொடுத்து அ, ஆ, இ என்று அவர் இஷ்டத்துக்கு ஒட்டச் சொல்லி, பட்டியலை அவரிடமே விட்டுவிடுங்கள். எது பேய்க்குமட்டி என்று தெரிந்தால் நம் கண் வளையத்தை ஒரு மில்லிமீட்டர் கூட்டித்தான் அளக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது.

சர்க்கரைச் சோதனையும் அதன் வலைகளும்

பேய்க்குமட்டி என்றாலே இப்போது சர்க்கரைதான் பேச்சு. குடலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதியைத் தடுக்கிறதா என்று பார்ப்பது சுலபம், அந்த நொதி உடைத்தால் மஞ்சளாகும் பி.என்.பி.ஜி. என்ற பொருளை ஊற்றி 405 நானோமீட்டரில் மஞ்சளை அளந்தால் போயிற்று. சுலபமாக இருப்பதால்தான் எல்லோரும் இதில் விழுகிறார்கள். சாறே பழுப்பாக இருக்கும், அதன் நிறத்தைத் தனியே அளந்து கழிக்காவிட்டால் எண் பொய். டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ள எந்தச் சாறும் நொதியைப் பிடித்துத் திரித்துவிடும், அது மருந்து இல்லை, தோல் பதனிடுகிற வேலை. இன்னொன்று, விலை மலிவு என்று எல்லோரும் வாங்குவது ஈஸ்ட்டிலிருந்து எடுத்த நொதி. ஒப்பிடப் பயன்படுத்தும் அகார்போஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரை, பாலூட்டிகளின் குடல் நொதியைப் பிடிக்கிற மாதிரி ஈஸ்ட் நொதியைப் பிடிக்காது. அதனால்தான் ஊரில் உள்ள இலை தழை எல்லாம் 'அகார்போஸை மிஞ்சியது' என்று கட்டுரை வருகிறது. எலிக் குடல் நொதிப்பொடி கிடைக்கும், அதில் செய்யுங்கள், முடிவு கொஞ்சம் அடக்கமாக வரும்.

டி.பி.பி.எச். சோதனை, அதாவது ஆன்டிஆக்சிடன்ட் என்பது, ஊதாக் கரைசல் வெளுப்பதைப் பார்ப்பது. படம் அழகாக வரும். அதிலிருந்து உடம்புக்கு நல்லது என்று தாவவேண்டாம். அமெரிக்கப் பாலைவனத்தில் கிரியோசோட் புதர் என்று ஒன்று இருக்கிறது, அதிலுள்ள என்.டி.ஜி.ஏ. என்ற பொருள் அருமையான ஆன்டிஆக்சிடன்ட், ஒருகாலத்தில் உணவு கெடாமலிருக்கச் சேர்த்தார்கள். 1968இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதைப் பாதுகாப்பானவை பட்டியலிலிருந்து எடுத்தது, 1992இல் அந்த இலையை 'சப்பரல்' என்று மருந்தாகச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கெட்டதால் எச்சரிக்கையே விட்டது.

விஷம் எவ்வளவு

இதுதான் பேய்க்குமட்டியில் முக்கியமான பகுதி, பலர் கடைசியில் ஒப்புக்குச் செய்வதும் இதுதான். நான் சொல்வது, கிருமிச் சோதனைக்கு முன்னாலேயே இதைச் செய்யுங்கள்.

செலவில்லாத வழி ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்க் கூனி. முட்டை மீன் வளர்ப்புக் கடைகளில் கிடைக்கும், சென்னையில் கொளத்தூர் போனால் டப்பா டப்பாவாக வைத்திருப்பார்கள். லிட்டருக்கு 35 கிராம் அளவில் கடலுப்பு கரைத்து, காற்று விட்டு, வெளிச்சத்தில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் பொரிந்து, புள்ளி புள்ளியாக வெளிச்சத்தை நோக்கி நீந்தும். ஒரு குப்பிக்குப் பத்து, சாறு 10, 100, 1000 மைக்ரோகிராம், ஒவ்வொன்றும் மூன்று குப்பி, 24 மணி நேரம் கழித்து லென்ஸ் வைத்து எத்தனை அசைகிறது என்று எண்ணவேண்டும். பொறுமை வேண்டிய வேலை. பாதி சாகிற அளவு 1000க்குக் கீழே வந்தால் விஷத்தன்மை உண்டு என்று 1982இல் மேயர் குழு வகுத்த கணக்கை இன்றும் எல்லோரும் பின்பற்றுகிறார்கள்.

அதற்கு மேலே செல் சோதனை, எம்.டி.டி. முறை, உயிரோடிருக்கும் செல் மட்டும் சாயத்தை நிறம் மாற்றும். புனே தேசியச் செல் அறிவியல் மையத்தில் (என்.சி.சி.எஸ்.) செல் வகைகள் வாங்கலாம், ஆனால் செல் வளர்க்கும் வசதி உள்ள ஆய்வகத்தோடு சேர்ந்துகொள்வதே புத்திசாலித்தனம். புற்றுநோய் செல்லை மட்டும் கொன்றுவிட்டு 'புற்றுநோய்க்கு மருந்து' என்று குதிக்காதீர்கள். குக்குர்பிட்டாசின் எல்லாச் செல்லையும் கொல்லும், பிளீச்சிங் பவுடரும் கொல்லும். சாதாரண செல்லையும் கூடவே வைத்து, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். உதாரணத்துக்கு, உங்கள் சாறு கிருமியை 500 மைக்ரோகிராமில் தடுக்கிறது, மனித செல்லை 20இலேயே கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிருமி சாவதற்கு முன்னால் நோயாளி போய்ச் சேர்ந்துவிடுவார். இந்த இரண்டு எண்ணையும் ஒரே அட்டவணையில் போட்டால் படிப்பவருக்கே புரிந்துவிடும், அதனால்தான் பலர் தனித்தனி அட்டவணையில் போடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எலி, மனிதர்

விலங்குச் சோதனை மாணவர் தனியாகத் தொடுகிற வேலையே இல்லை. நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 423ஆம் விஷச் சோதனை வழிமுறையில் ஒரு படிக்கு மூன்று எலி, கிலோவுக்கு 5, 50, 300, 2000 மில்லிகிராம் என்று நிலையான அளவுகள், 14 நாள் கவனிப்பு. முன்னால் செய்த சோதனையிலேயே இடைவெளி இல்லை என்று தெரிந்தால் எலியைத் தொல்லை செய்யாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதுவும் ஒரு முடிவுதான், எழுதலாம்.

எலியில் வந்தது மனிதரில் வரும் என்று இல்லை. இதற்கும் தார் பாலைவனத்திலேயே கதை உண்டு: குக்குலு, அங்கே முள்ளுச் செடியாக வளர்ந்து பிசின் வடிக்கும். 1966இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக ஆய்வேடு ஒன்று, பழைய ஆயுர்வேத மருத்துவர் சுசுருதர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, முயல்களில் அது கொழுப்பைக் குறைப்பதைக் காட்டியது. பிறகு மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதைக் குக்குலிப்பிட் என்ற மருந்தாகவே கொண்டுவந்தது. 2003இல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது கெட்ட கொழுப்பு குறையவில்லை, கொஞ்சம் ஏறியது, சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. இதற்கிடையில் பிசினுக்காகக் கீறிக் கீறியே அந்தச் செடி அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது.

பேய்க்குமட்டிக்கும் மனிதச் சோதனை நடந்திருக்கிறது. 2009இல் வெளியான ஈரான் ஆய்வில் 50 சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேருக்குக் காய்ப்பொடி 100 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை, இரண்டு மாதம் கொடுத்தார்கள், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. குறைந்தது. இதைப் படித்துவிட்டு வீட்டில் காப்ஸ்யூல் நிரப்பத் தோன்றினால் இந்தக் கட்டுரையின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி படியுங்கள். எந்தக் காய், எவ்வளவு குக்குர்பிட்டாசின் என்று தெரியாத பொடியில் 100 மில்லிகிராம் என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மருத்துவர், நெறிமுறைக் குழு, மனிதச் சோதனைகளுக்கான சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதிவு இல்லாமல் ஒரு ஆளுக்குக்கூட, உங்களுக்கு நீங்களே கூட, கொடுக்கக்கூடாது. இந்தியாவில் செடிச்சாற்றை நவீன மருந்தாகப் பதிவு செய்ய 2015இல் தனி விதியே வந்தது, அதில் குறைந்தது நான்கு வேதிப்பொருள்களை அளந்து காட்டச் சொல்கிறார்கள். இதற்காகத்தான் அந்த டி.எல்.சி. படத்தை ஆரம்பத்திலேயே எடுத்து வைக்கச் சொன்னேன்.

வேலை முடிந்ததும் மிச்சமிருக்கும் சாற்றுக் குப்பியில் பெயர், தேதி, 'விஷம்' என்று பெரிதாகத் தமிழிலும் எழுதுங்கள், ஆய்வகம் கூட்டுகிற அக்கா அதைப் படிக்கவேண்டும். கிருமித் தட்டுகள் ஆட்டோகிளேவில் வெந்த பிறகுதான் குப்பைக்கு. ஒரு பக்கத்தில், இந்தியிலோ மார்வாடியிலோ, என்ன பார்த்தோம், என்ன வந்தது, எந்த அளவுக்கு மேல் ஆபத்து என்று எழுதிக் காய் காட்டிக்கொடுத்த ஊருக்கு அனுப்புங்கள். நான் இரண்டு வருடம் தாமதமாக அனுப்பினேன். சாறு கிருமியைத் தடுக்கவில்லை என்று எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அந்த ஒட்டகக்காரப் பெரியவர் போனில் சிரித்தார், கிருமிக்குக் கொடுப்போம் என்று யார் சொன்னது, ஒட்டகத்துக்கு வயிறு கட்டினால் கொடுப்போம் என்றார். என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன், முதல் நாளே அதைத்தான் சொல்லியிருந்தார், நான் அடிக்கோடுகூடப் போடவில்லை.